நல்லவர் கையில் இருந்த தடை ஆணை
இராஜபாளையம் குமாரசாமி ராஜாவும் 1950ஆம் ஆண்டின் அச்சுரிமை வழக்குகளும்

அச்சு இயந்திரம் தோன்றிய நாளிலிருந்தே, அச்சிடப்படுவதைக் கண்காணிக்கும் அதிகாரியும் தோன்றிவிட்டார். பதிவாளர், தணிக்கையாளர், வெளியீட்டுத் துறைத் தலைவர் என்று அவருடைய பதவிப் பெயர் நாட்டுக்கு நாடு வேறுபடும். எந்த எழுத்து மக்களின் கைக்குச் செல்லலாம், எது செல்லக் கூடாது என்று வகுப்பதே எங்கும் அவருடைய பணியாக இருந்து வந்துள்ளது. இவ்வதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது கொடுங்கோலர்களின் பெயர்களையே நாம் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறோம். அவ்வாறு பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. ஆள் தீயவன், ஆகவே ஆணையும் தீயது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆணையிட்டவர் நேர்மையாளராகவும் நாட்டுக்காகச் சிறை சென்றவராகவும் இருந்தால் என்ன சொல்வது என்ற வினா அப்போது எழுவதேயில்லை. அவ்வினாவை எழுப்பிப் பார்க்கத் தமிழகத்துக்கு வெளியே நாம் செல்ல வேண்டியதில்லை. இராஜபாளையத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல்வி கண்ட ஒரு முதலமைச்சரின் மூன்றாண்டு ஆட்சியே அதற்குப் போதுமானது.

இராஜபாளையத்து மனிதர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இவ்விரு ஊர்களும். ஸ்ரீவில்லிபுத்தூர் பழமையான வைணவத் தலம். அவ்வூர்க் கோபுரமே தமிழக அரசு முத்திரையில் இடம்பெற்ற கோபுரம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரால் 1875இல் அங்கு ஒரு பொது நூலகம் நிறுவப்பட்டது. தமிழகத்தின் பழமையான பொது நூலகங்களில் அதுவும் ஒன்று. இராஜபாளையமோ, ஆந்திர நாட்டிலிருந்து வந்து குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்களின் ஊராகவும், பிற்காலத்தில் பருத்தி ஆலைகளின் ஊராகவும் அறியப்பட்டது. இரண்டும் அக்காலத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளன.

பி. எஸ். குமாரசாமி ராஜா 8-7-1898 அன்று இராஜபாளையத்தில் பிறந்தார். காந்தியடிகளின் வழியை ஏற்றுக் காங்கிரஸில் சேர்ந்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றார். ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் பதவி விலகியதை அடுத்து, காமராசரின் ஆதரவுடன் 6-4-1949 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார். மாகாண ஆட்சித் தலைவரை அந்நாளில் பிரதமர் என்றே அழைத்தனர். 26-1-1950 அன்று அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பதவி முதலமைச்சர் என்று பெயர் மாறியது. ஆகவே குடியரசு இந்தியாவில் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் இவரே. இராஜபாளையத்திலிருந்த தம் சொந்த இல்லத்தைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடையாக அளித்தவரும் இவரே. கலையின்பாலும் கல்வியின்பாலும் பற்றில்லாத ஆட்சியாளர் என்று எவரும் இவரைக் கூறிவிட முடியாது.

கைமாறி வந்த கருவிகள்

இத்தகைய ஒருவரின் கையில் வந்து சேர்ந்த அதிகாரம் எத்தகையது என்பதை முதலில் காண்போம். இந்திய அச்சுத் தொழிலை ஆங்கிலேயர் ஒரே போக்கில் நடத்தவில்லை. 1835இல் மெட்காஃப் கொண்டுவந்த சட்டம் முன் அனுமதி பெறும் முறையை நீக்கியது. அச்சகம் வைத்திருப்போர் அரசுக்கு அறிவித்தால் போதும் என்றாயிற்று. 1857இன் கிளர்ச்சிக்குப் பின் நிலைமை மாறியது. 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டப்படி, ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருத்தல் வேண்டும். நூற்படிகளை அரசுக்கு அளித்தல் வேண்டும். அவ்வாறு பெற்ற நூல்களின் பட்டியல் காலாண்டுதோறும் வெளியிடப்பட்டது. கண்காணிப்புக்காகத் தொகுக்கப்பட்ட அப்பட்டியல்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய முஸ்லிம் தமிழ் நூல்களைத் தேடுவோருக்கு இன்று உதவுகின்றன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1878இன் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் சென்னை மாகாணத்தை விட்டுவைத்தது. ஆயினும் 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் எவரையும் விட்டுவைக்கவில்லை. பிணைத்தொகை கேட்பதும், அதைப் பறிமுதல் செய்வதும், மேலும் பெருந்தொகை கேட்டு இதழை மூடச் செய்வதும் அச்சட்டத்தின் வழிமுறை. மௌலானா அபுல் கலாம் ஆசாத் 1912இல் தொடங்கிய 'அல்-ஹிலால்' 1914இல் நின்றது இவ்வாறே. மௌலானா முகமது அலியின் 'காம்ரேட்' இதழும் அதே ஆண்டில் அதே சட்டத்துக்கு இரையாயிற்று. தமிழில், பாரதியாரின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்கள் 1911இல் தடை செய்யப்பட்டன. அவர் மறைந்த பின்னரும் 1928இல் அவருடைய பாடல் தொகுதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. அதைக் கண்டித்துச் சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி குரல் எழுப்பினார். அச்சின் மீதான ஒடுக்குமுறையை அனுபவித்து அறிந்த தலைமுறை அது.

1947க்குப் பின் அத்தலைமுறையே ஆட்சியில் அமர்ந்தது. கருவிகள் மட்டும் மாறவில்லை. புதிதாகவும் சில வார்க்கப்பட்டன. சென்னையில் இயற்றப்பட்ட 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டம் அவற்றுள் ஒன்று. பொதுப் பாதுகாப்புக்காகவும் பொது ஒழுங்குக்காகவும் தேவை என்று அரசு கருதினால், எந்த வெளியீடும் மாகாணத்துக்குள் நுழைவதையும் பரவுவதையும் விற்கப்படுவதையும் அச்சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி தடுக்கலாம். அரசு கருதினால் போதுமானது. அக்கருத்து சரிதானா என்று வினவும் இடம் அப்பிரிவில் இல்லை.

அரசின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். 1948இல் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு ஆயுதக் கிளர்ச்சிப் பாதையை ஏற்றது. தெலங்கானாவில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1949இல் சென்னை அரசு அக்கட்சியைச் சட்ட விரோதமானது என்று அறிவித்தது. 11-2-1950 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். குடியரசு பிறந்து பதினாறு நாள்களே ஆகியிருந்தன.

1950 மார்ச் மாதத்தின் மூன்று ஆணைகள்

அடுத்த மாதத்தில் சென்னை அரசு பிறப்பித்த மூன்று ஆணைகள் இந்திய அரசியலமைப்பு வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றுவிட்டன. முதலாவது, ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து நடத்திவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் நுழைவதையும் பரவுவதையும் தடுத்து 1-3-1950 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை. இரண்டாவது, 1947 டிசம்பர் முதல் காவலில் இருந்துவந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனைப் புதிய தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மீண்டும் காவலில் வைக்கும் ஆணை. அதுவும் அதே மார்ச் 1ஆம் நாள் அவரிடம் அளிக்கப்பட்டது. மூன்றாவது, அறிவியலையும் சமூகவியலையும் அரசியல் கல்வியையும் கலை இலக்கியங்களையும் மக்களிடையே பரப்புவதைத் தன் நோக்கமாகப் பதிவு செய்திருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்ட விரோதமானது என்று 10-3-1950 அன்று அறிவித்த ஆணை. தடை செய்யப்பட்ட கட்சிக்கு அச்சங்கம் துணைபுரிந்தது என்பது அரசின் வாதம்.

ஓர் இதழ், ஒரு மனிதர், ஒரு சங்கம் என்று பத்து நாள்களுக்குள் மூன்றின் வாயும் அடைக்கப்பட்டது. அதே 1950ஆம் ஆண்டில், 'பொன்மொழிகள்' நூலுக்காகப் பெரியாரும் 'ஆரிய மாயை' நூலுக்காக அண்ணாவும் தண்டிக்கப்பட்டனர். இடதுசாரிகளோடு திராவிட இயக்கத்தாரும் அரசின் நெருக்கடியை உணர்ந்த காலம் அது.

ஆயினும் வெள்ளையர் காலத்துக்கும் இக்காலத்துக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. 'அல்-ஹிலால்' மூடப்பட்டபோது ஆசாத் முறையிட அடிப்படை உரிமை என்று ஒன்று இல்லை. தாப்பருக்கு இருந்தது. புதிய அரசியலமைப்பின் 32ஆம் உறுப்பைப் பயன்படுத்தி அவர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

இருவேறு தீர்ப்பெழுதிய நீதிபதி

26-5-1950 அன்று ரொமேஷ் தாப்பர் வழக்கில் தீர்ப்பு வெளியாயிற்று. ஆறு நீதிபதிகளில் ஐவர் சென்னை ஆணை செல்லாது என்றனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தமிழகத்தைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரி. அவருடைய வாதம் எளிமையானது. அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் எழுத்தை மட்டுமே தடுக்க அன்றைய 19(2)ஆம் உறுப்பு இடமளித்தது. சென்னைச் சட்டம் கூறிய 'பொது ஒழுங்கு' என்பதோ மிக விரிந்த சொல். தெருச் சச்சரவு முதல் பெருங்கலகம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். சிறு சச்சரவுக்காகவும் இதழைத் தடுக்க வழிவிடும் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது. வெளியிடும் உரிமை உண்டு, பரப்பும் உரிமை இல்லை என்றால் வெளியிடுவதால் பயன் யாது என்றும் அத்தீர்ப்பு உணர்த்தியது.

மாறுபட்ட ஒரே நீதிபதி சையித் ஃபஸ்ல் அலி அவர்கள். பொது ஒழுங்கு பெருமளவில் குலைந்தால் அரசின் பாதுகாப்பும் குலையும். ஆகவே சட்டம் செல்லும் என்பது அவருடைய கருத்து. இதற்கான காரணங்களை அதே நாளில் வெளியான பிரிஜ் பூஷண் வழக்கில் அவர் விரித்துரைத்தார்.

இவ்விடத்தில் நாம் ஒரு செய்தியை மறவாமல் குறிப்பிட வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பு, 19-5-1950 அன்று, ஏ. கே. கோபாலன் வழக்கின் தீர்ப்பு வந்திருந்தது. தடுப்புக் காவல் சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டுச் சட்டத்தையும் காவலையும் பெரும்பான்மையோர் ஏற்றனர். அப்போது தனிமனித உரிமையின் பக்கம் நின்று மாறுபட்டவரும் இதே ஃபஸ்ல் அலிதான். ஒருவரின் விடுதலையைப் பறிப்பதற்கு முன் அவருக்கு அறிவிப்பும், தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பும், நடுநிலையான மன்றமும், முறையான விசாரணையும் வேண்டும் என்று அவர் எழுதினார். அன்று சிறுபான்மையாக நின்ற அக்கருத்து, 1970இன் கூப்பர் வழக்கிலும் 1978இன் மேனகா காந்தி வழக்கிலும் நீதிமன்றம் சென்ற பாதைக்கு முன்னோடியாயிற்று.

ஒரே அரசின், ஒரே நாளைச் சேர்ந்த இரண்டு ஆணைகள். மனிதரைக் காவலில் வைத்த ஆணையை அவர் ஐயுற்றார். இதழைத் தடுத்த ஆணையை ஏற்றார். அவருடைய அறிவையும் நேர்மையையும் ஐயுற எவருக்கும் இடமில்லை. அச்சு அச்சத்தைத் தூண்டும் காலத்தில், தெளிந்த அறிவும் இருபுறம் சாயக்கூடும் என்பதற்கு அவருடைய அவ்விரு தீர்ப்புகளே சான்று.

நமக்கு வேண்டாத இதழின் உரிமை

பிரிஜ் பூஷண் வழக்கை நம் வாசகர்கள் தனியே கருதிப் பார்த்தல் நலம். தில்லியில் வெளிவந்த 'ஆர்கனைசர்' வார இதழ் பற்றியது அது. ராஷ்டிரீய சுயம்சேவக் சங்கத்தின் சார்புடைய அவ்விதழ், வகுப்பு விவகாரங்கள் பற்றியும் பாகிஸ்தான் பற்றியும் எழுதுபவற்றை அச்சேற்றும் முன் அதிகாரிகளின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்று தில்லி தலைமை ஆணையர் 2-3-1950 அன்று ஆணையிட்டார். அவ்வாணையையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது.

பிரிவினையின் குருதி உலராத நாள்கள் அவை. முஸ்லிம்களைப் பற்றி நஞ்சு கலந்து எழுதும் இதழ்களைத் தடுத்தால் என்ன என்று அன்று ஒரு முஸ்லிம் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை. இன்றும் அவ்வெண்ணம் நம் உள்ளத்தில் எழாமலில்லை. ஆனால் அந்நாளில் இதைப் பற்றிச் சிந்தித்த சென்னை மாகாண முஸ்லிம் ஒருவர் வேறொரு பக்கமும் இருப்பதை உணர்ந்திருந்தார்.

அவர் மஹ்பூப் அலி பேக் சாஹிப். சென்னையிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் சென்ற முஸ்லிம் உறுப்பினர். 1948 டிசம்பர் தொடக்கத்தில் பேச்சுரிமை பற்றிய உறுப்பு விவாதத்துக்கு வந்தபோது, அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தும் உட்பிரிவுகளையெல்லாம் நீக்க வேண்டும் என்று அவர் திருத்தம் கொண்டுவந்தார். அடிப்படை உரிமைகளைச் சட்டமன்றப் பெரும்பான்மையின் தயவில் விடலாகாது என்பது அவருடைய வாதம். கட்டுப்பாடே வேண்டாம் என்று அவர் கூறவில்லை. அரசின் பாதுகாப்புக்கு ஊறு செய்வதும், சமூகங்களிடையே பகைமை மூட்டுவதும், நாட்டின் அமைதியைக் குலைப்பதும் கூடாது என்ற வரம்பை அவருடைய திருத்தமே கூறியது. அவ்வரம்பு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், ஆள்வோர் விருப்பப்படி விரிக்கும் பாயாக இருத்தல் கூடாது என்பதே அவருடைய நோக்கம். திருத்தம் தோற்றது. பதினைந்து மாதங்களுக்குப் பின் அவருடைய மாகாணத்திலேயே 'கிராஸ் ரோட்ஸ்' தடை வந்தது.

தீர்ப்புக்குப் பின்

வழக்கில் அரசு தோற்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மத்திய அரசு அரசியலமைப்பையே திருத்த முனைந்தது. 18-6-1951 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற முதல் திருத்தம், 19(2)ஆம் உறுப்பில் 'பொது ஒழுங்கு', 'அயல்நாட்டு நல்லுறவு', 'குற்றம் புரியத் தூண்டுதல்' ஆகியவற்றைச் சேர்த்தது. அவை தொடக்கம் முதலே இருந்தனவாகக் கருதப்படும் என்றும் கூறியது. 'அல்-ஹிலால்' இதழைப் பறிகொடுத்த ஆசாத், அப்போது மத்திய அமைச்சரவையில் கல்வி அமைச்சராக வீற்றிருந்தார். வகுப்புவாரி ஒதுக்கீடு பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கும் குமாரசாமி ராஜா ஆட்சியின் காலத்துச் சென்னை வழக்கே. அதன் விளைவாக வந்த 15(4)ஆம் உறுப்பும் அதே திருத்தத்தில் சேர்ந்தது. ஒரு மாநிலத்தின் இரு வழக்குகள், பதினேழு மாதங்களே ஆகியிருந்த அரசியலமைப்பை இரண்டு இடங்களில் திருத்தச் செய்தன.

ஆயினும் அத்திருத்தம் ஒரு சொல்லைக் கூடுதலாகப் பெற்றது. கட்டுப்பாடுகள் 'நியாயமான' கட்டுப்பாடுகளாக இருத்தல் வேண்டும் என்பதே அது. எது நியாயம் என்று இறுதியில் கூறும் பொறுப்பு அச்சொல்லால் நீதிமன்றத்திடம் சேர்ந்தது.

அச்சொல்லின் பயன் மூன்றாவது ஆணையின் வழக்கில் தெரிந்தது. மக்கள் கல்விச் சங்கத்தின் செயலாளர் வி. ஜி. ராவ் தொடுத்த வழக்கில், சங்கத்தைத் தடை செய்ய உதவிய சட்டப்பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1950 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 31-3-1952 அன்று அதை உறுதி செய்தது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த பதஞ்சலி சாஸ்திரியே இத்தீர்ப்பையும் எழுதினார். எந்த உரிமை, எவ்வளவு கட்டுப்பாடு, எந்தத் தீமையைத் தடுக்க, எத்தகைய சூழலில் என்பனவற்றையெல்லாம் சீர்தூக்கியே நியாயத்தை அளக்க வேண்டும் என்று அவர் வகுத்த அளவுகோல் இன்றளவும் நம் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது. அரசின் மனநிறைவு ஒன்றையே ஆதாரமாகக் கொண்ட தடை அந்த அளவுகோலில் நிற்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரிசாவும்

அத்தீர்ப்பு வருவதற்குள் மக்களின் தீர்ப்பும் வந்துவிட்டது. முதல் பொதுத்தேர்தலில், சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்கு 152 இடங்களே கிடைத்தன. முதலமைச்சர் குமாரசாமி ராஜா, தம் சொந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். அவருடைய அமைச்சரவையைச் சேர்ந்த வேறு சிலரும் தோற்றனர். இதழ்த் தடைக்காகவே மக்கள் அவரைத் தோற்கடித்தனர் என்று கூறுவது மிகையாகும். உணவுப் பற்றாக்குறையும் பங்கீட்டு முறையின் இன்னலும் அக்காலத்து வாக்காளரின் உள்ளத்தில் நிறைந்திருந்தன. ஆனால் தேர்தல் முடிவைத் தடுக்க அவர் எதையும் செய்யவில்லை. 1952 ஏப்ரல் 10ஆம் நாள் இராஜாஜி பதவியேற்றார். ராஜா விலகி நின்றார். நீதிமன்றத்தில் தோற்ற அரசின் தலைவர், மக்கள் தோற்கடித்தபோது பதவியை விட்டார். இது அவருடைய பெருமைக்கு உரியது.

1954 பிப்ரவரியில் அவர் ஒரிசாவின் ஆளுநரானார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் சையித் ஃபஸ்ல் அலி அவர்களே. தம் அரசின் தடை ஆணையை ஏற்ற ஒரே நீதிபதி விட்டுச் சென்ற நாற்காலியில் ராஜா அமர்ந்தார். ஃபஸ்ல் அலி அவர்கள் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் தலைமையை ஏற்றுச் சென்றிருந்தார். ராஜா 1956 வரை அங்கு பணியாற்றி, 1957 மார்ச்சில் காலமானார்.

சீனத்திலிருந்து ஓர் ஒப்புமை

இவ்வரலாற்றின் பொருளை அறிய, நீதிமன்றமும் தேர்தலும் குறுக்கிடாத ஒரு நாட்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சீனத்தில் நூல் வெளியீட்டைக் கண்காணிக்கும் துறைக்கு அமைச்சக நிலை உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் உரிய எண்ணை அரசு ஏற்பு பெற்ற பதிப்பகங்களே பெற முடியும். 2000 முதல் 2005 வரை அத்துறையின் தலைவராக இருந்த ஷீ சோங்யுவான், சீன முஸ்லிம் சமூகமான ஹுய் இனத்தவர். பின்னர் குய்சோ மாகாணக் கட்சிச் செயலாளராக உயர்ந்து 2013இல் காலமானார். 2018இல் நூல் வெளியீட்டு மேற்பார்வை அரசுத் துறையிடமிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறைக்கே நேரடியாக மாற்றப்பட்டது.

1989இல் முஸ்லிம்களின் வழிபாட்டை இழிவுபடுத்திய நூலொன்று ஷாங்காயில் வெளியாகி, பல நகரங்களில் ஹுய் மக்கள் எதிர்த்து ஊர்வலம் சென்றபோது, அரசு அந்நூலை உடனே தடை செய்தது. அன்று அத்தடை முஸ்லிம்களுக்கு ஆறுதலளித்தது. அதே அதிகாரம் பிற்காலத்தில் எவ்வாறு செயல்பட்டது? ஷின்ஜியாங்கின் கல்வித் துறைத் தலைவராக இருந்தவர் உய்குர் இனத்தவரான சத்தார் சாவுத். அவருடைய மேற்பார்வையில் 2003லும் 2009லும் வெளிவந்த உய்குர் மொழிப் பாடநூல்கள் பல ஆண்டுகள் பள்ளிகளில் பயிலப்பட்டன. பின்னர் அவற்றில் பிரிவினைக் கருத்துகள் இருப்பதாகக் குற்றம் சாட்டி, இரண்டாண்டு நிறுத்திவைப்புடன் கூடிய மரண தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டதாக 2021 ஏப்ரலில் அறிவித்தனர். பாடநூலை மேற்பார்த்த அதிகாரியே பாடநூலுக்காகக் குற்றவாளியானார். அவர் முறையிட தாப்பருக்குக் கிடைத்ததைப் போன்ற ஒரு மன்றம் இல்லை.

குமாரசாமி ராஜாவின் ஆட்சியையும் சீன ஆட்சியையும் ஒரே தட்டில் வைக்க நாம் முனையவில்லை. ஆணையின் வாசகத்தில் இரண்டுக்கும் பெருத்த வேறுபாடு இருக்காது. பொது அமைதி என்றே இரண்டும் சொல்லும். ஆணைக்குப் பின் என்ன நடக்கலாம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

பக்தியும் போதாது

நம்முடைய வரலாறும் இதையே கற்பிக்கிறது. முராபித் மன்னர் அலீ இப்னு யூசுஃப் இறைபக்திக்கும் எளிமைக்கும் பெயர் பெற்றவர். அவருடைய ஆட்சியில்தான், ஹிஜ்ரி 503இல் (கி.பி. 1109), சட்ட அறிஞர்களின் சொற்கேட்டு, இமாம் கஸ்ஸாலியின் 'இஹ்யா உலூமித்தீன்' கொர்தோபாவில் எரிக்கப்பட்டது. மார்க்கத்தைப் புதுப்பிக்க எழுந்த நூல், மார்க்கத்தைக் காப்பதாக எண்ணியவர்களின் கையால் எரிந்தது. எரித்தவரின் பக்தியை நாம் மறுக்க வேண்டியதில்லை. அந்தப் பக்தி நூலைக் காக்கவில்லை என்பதை மட்டும் மனங்கொள்ள வேண்டும்.

இன்று நம் நாட்டில் 1867ஆம் ஆண்டுச் சட்டம் இல்லை. 2023இல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் வெளியீடுகளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவில் தொடர்கிறது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை அணுகும் உரிமையும் அடுத்த பிரிவில் உள்ளது. 2025 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீரில் 25 நூல்கள் அந்த 98ஆம் பிரிவின்கீழ் பறிமுதலுக்குரியவையாக அறிவிக்கப்பட்டன. மறைந்த சட்ட அறிஞர் ஏ. ஜி. நூரானியின் நூலும் அவற்றுள் ஒன்று.

இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் ஆணையிட்டவர் யார், நம்மவரா, நமக்குப் பகைவரா என்றே நாம் முதலில் பார்க்கிறோம். நம்மைப் புண்படுத்தும் நூலொன்று வெளிவந்தால் தடை கோருகிறோம். நமக்கு உகந்த நூல் தடைக்குள்ளானால் உரிமை கோருகிறோம். இராஜபாளையத்து முதலமைச்சரின் ஆட்சி நமக்கு உணர்த்துவது வேறு. கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று உள்ளன. தடைக்கான காரணம் எழுத்தில் கூறப்பட்டதா? பாதிக்கப்பட்டவருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கப்பட்டதா? நடுநிலையான மன்றமொன்று அதை மறு ஆய்வு செய்ய முடியுமா? நமக்கு வேண்டாத இதழுக்கும் இம்மூன்றையும் நாம் கோரினால்தான், நமக்கு வேண்டிய நூலுக்கு அவற்றைக் கோரும் தகுதி நமக்கு உண்டாகும். மஹ்பூப் அலி பேக் சாஹிப் 1948இல் எழுந்து நின்று பேசியதும் ஏறத்தாழ இதைத்தான். அன்று அவருடைய திருத்தம் தோற்றது. அவர் எழுப்பிய வினாவை இன்னும் எவரும் தோற்கடிக்கவில்லை.